இவி சார்ஜிங் மென்பொருள் எழுதுபவரோடு பழகுவது எப்படி

மின்வாகன (இவி) சார்ஜிங் துறையில் மென்பொருள் எழுதும் ஒருவர் உங்களுக்கு அறிமுகமாகியிருக்கிறார், அல்லது ஆகப் போகிறார். அந்தத் துறைக்கு மாறலாமா என்று யோசிப்பவராக நீங்கள் இருக்கலாம், புது அணியில் அவர் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கலாம், சொந்தமாக இவி வைத்திருப்பதால் வந்த ஆர்வமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் "எந்த கார் நல்லது?", "பெட்ரோல் எப்போது ஒழியும்?" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். அவர் வேலையில் கார் ஒரு ஓரத்தில்தான் நிற்கிறது. அவர் தினமும் மல்லுக்கட்டுவது செஷனோடு, அதாவது ஒருவர் கேபிளைச் செருகியதிலிருந்து சார்ஜ் ஏறி, கேபிளைக் கழற்றி, பணம் கழிந்து, ரசீது வந்து சேரும் வரை நடக்கிற அத்தனையோடும். அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: துறையைப் பற்றிப் பொதுவாகக் கேட்காமல், சொதப்பிப்போன ஒரு செஷனைப் பற்றிக் கேளுங்கள். அது எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவர் வேலையும் கோபமும் பெருமையும் அந்தக் கதைக்குள்ளேயே வந்துவிடும்.

காரணம் இருக்கிறது. சார்ஜரை ஒரு நிறுவனம் செய்கிறது, காரை இன்னொரு நிறுவனம், சர்வர் மூன்றாமவருடையது, தட்டுகிற கார்டு நான்காமவர் கொடுத்தது, மின்சாரம் வருவது வேறொருவரின் கம்பியில். இவர்களில் யாரும் மற்றவரின் கோடைப் பார்த்ததே இல்லை. நடுவில் இருப்பது சில நெறிமுறை (புரோட்டோகால்) ஆவணங்கள் மட்டும், அவற்றையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படித்து வைத்திருப்பார்கள். செஷன் ஒன்று பாதியில் நின்றால் எல்லோருமே "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்த இடைவெளியில் உட்கார்ந்து வேலை செய்பவர்தான் நீங்கள் சந்திக்கப் போகும் ஆள்.

முதலில் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒரே கேள்வி போதும்: "நீங்கள் எழுதும் கோட் எங்கே ஓடுகிறது?" சார்ஜருக்குள்ளே என்றால் அவர் ஃபர்ம்வேர்க்காரர், ரிலே, மீட்டர், வெப்பநிலை, மோடம், வெயிலில் நிற்கும் திரை என்று பேசுவார். சர்வரில் என்றால், ஆயிரக்கணக்கான சார்ஜர்களோடு எந்நேரமும் திறந்திருக்கும் இணைப்புகளைக் காப்பாற்றுவதுதான் அவர் பிழைப்பு. கட்டணமும் ரோமிங்கும் பார்ப்பவர் என்றால் ஓசிபிஐ என்ற பெயர் சீக்கிரமே காதில் விழும். ஒரு நிறுவனத்தின் கார்டை வைத்து இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரில் ஏற்றிக்கொள்ள வழி செய்யும் நெறிமுறை அது, இடங்கள், கட்டண விவரம், முடிந்த செஷனின் கணக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் கைமாறுகின்றன. மொபைல் ஆப் எழுதுபவர், ஒரு கட்டடத்தின் மின்வரம்பைப் பத்து சார்ஜர்களுக்குப் பங்கிடும் மென்பொருள் எழுதுபவர், காருக்குள்ளேயே எழுதுபவர் என்று இன்னும் பலர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் "இவி சார்ஜிங்"தான், ஆனால் ஃபர்ம்வேர் எழுதுபவரிடம் போய் ரோமிங் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கும் உங்களைவிட அதிகம் தெரிந்திருக்காது.

சந்திப்பதற்கு முன் ஒரு முறை சார்ஜ் போட்டுப் பாருங்கள்

கார் இல்லையென்றால் யாராவது சார்ஜ் போடும்போது அனுமதி கேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கேபிளைச் செருகியதும் என்ன மாறுகிறது, கார்டைத் தட்டிய பிறகு எத்தனை விநாடி ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது, உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் எப்போது கேட்கிறது, விளக்கு எப்போது நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். அந்தச் சில விநாடிகளுக்குள்தான் இவர்களில் பாதிப்பேரின் வாழ்க்கை ஓடுகிறது.

ஏசி சார்ஜர், அதாவது வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தையே காருக்குக் கொடுப்பது என்றால் நடப்பது இது. கேபிளுக்குள் கன்ட்ரோல் பைலட் என்று ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. கார் இல்லாதபோது அதில் 12 வோல்ட். காரைச் செருகியதும் 9 வோல்ட்டுக்கு இறங்கும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று சார்ஜர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. உடனே அந்தக் கம்பியில் விநாடிக்கு 1000 துடிப்பு வீதம் ஒரு சதுர அலையை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு பங்கு நேரம் அலை மேலே இருக்கிறது என்பதே செய்தி: பாதி நேரம், அதாவது 50 சதவீதம் என்றால் "30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பொருள். கார் தயாரானதும் 6 வோல்ட்டுக்கு இறக்கும், அப்போதுதான் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்கும், நீங்கள் கேட்ட "டக்" அதுதான். இவ்வளவும் ஐஇசி 61851 தரத்தில் எழுதியிருக்கிறது. அந்த அலை 5 சதவீதம் மட்டும் மேலே இருந்தால் "வோல்ட்டில் பேசியது போதும், டிஜிட்டலில் பேசலாம் வா" என்று பொருள். சிசிஎஸ் என்ற கனெக்டர் வகை டிசி (பேட்டரிக்கு நேரடியாக நேர்மின்னோட்டம் கொடுக்கும்) வேகச் சார்ஜர்கள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன, பிறகு அதே கம்பியின் மேலேயே தரவும் பயணிக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிசி சார்ஜர்கள் நிற்கும்போது ஒன்றின் சமிக்ஞை மற்றதன் கேபிளுக்குள் கசியலாம், அப்போது கார் தன்னைச் செருகாத சார்ஜரோடு பேச ஆரம்பித்துவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் பேச்சுக்கு முன்பே ஸ்லாக் என்றொரு படி வைத்திருக்கிறார்கள்: எந்தச் சார்ஜரின் சமிக்ஞை மிகக் குறைவாக நலிந்து வருகிறதோ, அதுதான் என் கேபிளின் மறுமுனை என்று கார் முடிவு செய்கிறது. ஃபர்ம்வேர் பக்கத்து ஆள் என்றால் "ஸ்லாக் உங்களுக்கு எப்போதாவது தோற்றிருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்டு அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

ஓசிபிபியைக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள்

சர்வர் பக்கத்து ஆளானால் இது இல்லாமல் பேச்சு நகராது. சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறைதான் ஓசிபிபி. நெதர்லாந்தில் 2009 வாக்கில் தொடங்கியது, இப்போது ஓப்பன் சார்ஜ் அலையன்ஸ் என்ற அமைப்பு பராமரிக்கிறது. 1.6 பதிப்பு 2015-இல் வந்தது, 2.0.1 வந்தது 2020-இல், 2.1 வந்தது 2025-இல். ஆவணம் முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை, அது நூற்றுக்கணக்கான பக்கம். செய்தியின் வடிவத்தை மட்டும் பாருங்கள். 1.6-இன் ஜேசன் (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) வகையில் ஒவ்வொரு செய்தியும் ஒரு சதுர அடைப்புக்குள் வரும் பட்டியல். முதலில் ஒரு எண்: 2 என்றால் கேள்வி, 3 என்றால் பதில், 4 என்றால் பிழை. அடுத்தது அந்தச் செய்திக்கான அடையாளம், அதை வைத்துத்தான் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று கோத்துக்கொள்கிறார்கள். கேள்வியானால் அப்புறம் செயலின் பெயரும் விவரங்களும்.

ஒரு சார்ஜருக்கு உயிர் வந்ததும் அது அனுப்பும் முதல் செய்தி பூட்நோட்டிஃபிகேஷன்: நான் இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல். சர்வர் ஏற்றுக்கொண்டால் பதிலில் இப்போதைய நேரத்தையும், எத்தனை விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்பதையும் அனுப்பும். அந்த "இருக்கிறேன்"தான் ஹார்ட்பீட். ஸ்டேட்டஸ்நோட்டிஃபிகேஷன் சார்ஜரின் நிலையைச் சொல்லும், ஆத்தரைஸ் கார்டு செல்லுமா என்று கேட்கும். ஸ்டார்ட்டிரான்சாக்ஷன், மீட்டர்வேல்யூஸ், ஸ்டாப்டிரான்சாக்ஷன் மூன்றும் செஷனின் ஆரம்பம், நடு, முடிவு. இவ்வளவு தெரிந்தால் அவர் பேசுவதில் முக்கால்வாசி புரியும்.

அப்புறம் "நீங்கள் இன்னும் 1.6-லா, 2.0.1-க்குப் போய்விட்டீர்களா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை, களத்தில் பழைய சார்ஜர்கள் நின்றுகொண்டேயிருக்கும், அதனால் பல இடங்களில் இரண்டையும் ஒரே சர்வரில் ஓட்டுகிறார்கள். அதில் படும் பாட்டை அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மனப்போக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 1.6-இல் ஒவ்வொரு செஷனுக்கும் எண் கொடுப்பது சர்வர். நெட்வொர்க் இல்லாத நேரத்தில் செஷன் ஆரம்பித்தால் சார்ஜரிடம் அந்த எண்ணே இருக்காது, எண் இல்லாத செஷனுக்கு மீட்டர் கணக்கு எதை வைத்து அனுப்புவது? 2.0.1-இல் அதை மாற்றிவிட்டார்கள், எண்ணைச் சார்ஜரே உருவாக்கிக்கொள்ளும், செஷன் செய்திகளுக்கு வரிசை எண்ணும் உண்டு, நடுவில் ஒன்று தொலைந்தால் சர்வருக்குத் தெரிந்துவிடும். களத்தில் அடிபட்டவர்கள் உட்கார்ந்து திருத்திய ஆவணம் என்பது இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிகிறது.

நல்ல கேள்விகள்

"நெட்வொர்க் போயிருக்கும்போது ஒருவர் வந்து கார்டைத் தட்டினால் உங்கள் சார்ஜர் என்ன செய்யும்?" இதைத்தான் முதலில் கேட்பேன். உண்மையில் இது பொறியியல் கேள்வி மட்டும் இல்லை. சார்ஜரில் ஏற்கனவே ஒரு பட்டியல் இருந்தால் அதைப் பார்த்து அனுமதிக்கலாம், முன்பு வந்த கார்டுகளின் நினைவை வைத்து அனுமதிக்கலாம், தெரியாத கார்டையும் நம்பித் திறந்துவிடலாம், அல்லது மறுக்கலாம். திறந்துவிட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம் வரலாம். மறுத்தால், பேட்டரி காலியாகி ராத்திரியில் வந்து நிற்பவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். அவர் நிறுவனம் எந்தப் பக்கம் முடிவெடுத்தது, அந்த முடிவில் அவருக்கு உடன்பாடு உண்டா என்று கேளுங்கள். இணைப்பு திரும்ப வந்ததும் தேங்கிய செய்திகளெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும், மின்சாரமும் போயிருந்து சார்ஜரின் கடிகாரம் ரீசெட் ஆகியிருந்தால் சில செஷன்கள் 1970-இல் (கணினிக் கடிகாரத்தின் பூஜ்ஜியம் அங்கேதான்) நடந்ததாகத் தேதி போட்டுக்கொண்டு வரும். அதற்குப் பில் போடுவது எப்படி என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

"ஆப்பில் பச்சை காட்டுகிறது, போய்ப் பார்த்தால் வேலை செய்யவில்லை, அது ஏன்?" இதைக் குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகவே கேளுங்கள். சார்ஜர் கடைசியாகச் சொன்ன நிலையைத்தான் ஆப் காட்டுகிறது. கனெக்டரின் பின் வளைந்திருப்பதோ, கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போனதோ, முன்னால் வேறொரு வண்டி நிற்பதோ அந்த நிலைக்குத் தெரியாது. அமெரிக்காவில் கூட்டரசு நிதியில் அமையும் நிலையங்கள் 97 சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது, ஆனால் அந்தக் கணக்கிலிருந்து மின்தடை, நாசவேலை போன்றவற்றைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே "உங்கள் நிறுவனத்தில் ஒரு சார்ஜர் வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலில் அவருடைய நேர்மையே தெரியும். நிலையை மட்டும் பார்க்கிறோம் என்பவரும் உண்டு, கடைசியாக ஒரு செஷன் உருப்படியாக முடிந்து எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறோம் என்பவரும் உண்டு. இரண்டாமவரோடு நிறையப் பேசுங்கள்.

செஷன் எதனால் நின்றது என்பதற்கு 1.6-இல் ஒரு காரணப் பட்டியல் இருக்கிறது: கார் கழற்றப்பட்டது, மின்சாரம் போனது, அவசர நிறுத்தம், தூரத்திலிருந்து நிறுத்தினார்கள், இப்படி. அதிலேயே "அதர்", அதாவது "வேறு ஏதோ" என்றும் ஒன்று. "அதர் என்று வந்தால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பீர்கள்?" என்று கேளுங்கள், அவர் எப்படி யோசிக்கிறார் என்பது அந்தப் பதிலில் வெளிப்படையாகத் தெரியும்.

கட்டணம் பார்ப்பவரிடம் மீட்டரைப் பற்றிக் கேளுங்கள். 1.6-இல் செஷனின் தொடக்க அளவும் முடிவு அளவும் வாட்-மணியில் முழு எண்ணாக வருகின்றன, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் யூனிட் கணக்கு. கேட்க எளிது. ஆனால் கார் திரையில் காட்டுவதைவிடப் பில்லில் கூடுதலாக இருக்கிறதே என்று வரும் புகார்களுக்கு முடிவே இல்லை, ஏசியை டிசியாக மாற்றும்போதும் பேட்டரியைக் குளிர்விக்கும்போதும் ஆகும் இழப்பு காரின் கணக்கில் வராது. ஜெர்மனியில் மீட்டர் அளவுகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் போட்டு வாடிக்கையாளரே சரிபார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அதை அமைத்த அனுபவம் உள்ளவர் கிடைத்தால் விடாதீர்கள்.

"80 சதவீதத்துக்கு மேல் ஏன் மெதுவாகிறது?" வேண்டாம். டிசியில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கேட்பது கார்தான், பேட்டரியைக் காப்பாற்ற அது குறைத்துக் கேட்கிறது, சார்ஜர் கொடுக்கிறது. இதை அவர் ஏற்கனவே எல்லோருக்கும் சொல்லிச் சலித்திருப்பார்.

எதைக் கேட்கக் கூடாது, எப்படிப் புகார் சொல்வது

சார்ஜிங் பதிவுகள் சாதாரணத் தரவு மாதிரித் தெரியும், ஆனால் ஒரு கார்டு எண்ணின் செஷன்களை வரிசையாக அடுக்கினால் அந்த மனிதர் எங்கே குடியிருக்கிறார், எங்கே வேலை, எப்போது ஊரில் இல்லை என்பது வந்துவிடும். அதனால் "சும்மா ஒரு நிஜ லாக் காட்டுங்களேன்" என்று நெருக்காதீர்கள். அவரே பெயர், எண் எல்லாம் நீக்கிக் காட்டினால் பாருங்கள். அதேபோல, பல இடங்களில் இன்னமும் கார்டின் அடையாள எண்ணை மட்டும் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள், அந்த எண்ணை நகலெடுப்பது கடினமில்லை. இந்தப் பலவீனத்தைப் பற்றிப் பேசலாம், அவர் நிறுவனத்தின் கார்டில் செய்து காட்டச் சொல்லக் கூடாது. ஐஎஸ்ஓ 15118 என்ற தரம் கொண்டுவந்த பிளக் அண்ட் சார்ஜ், அதாவது கார்டே இல்லாமல் காருக்குள் இருக்கும் சான்றிதழை வைத்து அடையாளம் காணும் முறை, இதற்கு எவ்வளவு தூரம் தீர்வாகிறது என்று கேட்பது நல்ல பேச்சாக இருக்கும்.

உங்களுக்கே ஒரு சார்ஜரில் பிரச்சினை வந்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் "உங்கள் ஆப் வேலையே செய்யவில்லை" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, மனசும் வாடிவிடும். எந்தத் தேதி, எத்தனை மணி, சார்ஜர் மேல் ஒட்டியிருக்கும் எண், எந்தக் கனெக்டர், என்ன கார், கார்டா ஆப்பா, திரையில் என்ன எழுதியிருந்தது, கேபிளை முதலில் செருகினீர்களா கார்டை முதலில் தட்டினீர்களா. கடைசியாகச் சொன்ன அந்த வரிசைதான் பல நேரம் முக்கியம், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. இத்தனை விவரத்தோடு ஒரு புகார் வந்தால் அவர் உங்களை மறக்கவே மாட்டார்.

இன்னொன்று, இவர்களில் பலர் ராத்திரி அழைப்பு வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவர்கள். ஃபர்ம்வேர் அப்டேட் போகும் வாரத்தில் பதில் வராவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள். ஒரு அப்டேட் பாதியில் நின்றால் தூரத்தில் எங்கோ நிற்கும் பெட்டி செத்துவிடும், ஆள் அனுப்பித்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

சேர்ந்து ஏதாவது செய்யுங்கள்

பேச்சோடு நின்றால் அறிமுகம் மட்டும்தான், நெருக்கம் கைவேலையில் வருகிறது. கோட் எழுதத் தெரிந்தவர் என்றால் திறமூலத் திட்டங்கள் இருக்கின்றன. ஸ்டீவ் என்பது ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓசிபிபி சர்வர், படித்துப் புரிந்துகொள்ள நல்ல ஆரம்பம். சிட்ரின்ஓஎஸ் 2.0.1-க்காக எழுதப்பட்ட சர்வர். சார்ஜருக்குள் ஓடுவதற்கு எவரெஸ்ட், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எனர்ஜி பிரிவில் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலேயே ஒரு சர்வரை ஏற்றி, ஒரு சிமுலேட்டரை (சார்ஜர் போல நடிக்கும் மென்பொருள்) அதோடு இணைத்து, பூட்நோட்டிஃபிகேஷனுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரவைத்துவிட்டு, ஒரு செஷனை ஓட்டி, நடுவில் வேண்டுமென்றே இணைப்பை வெட்டிப் பாருங்கள். என்ன ஆனது என்று அந்தச் செய்திகளோடு அவரிடம் போய்க் கேளுங்கள். உண்மையான கேள்வியோடு வருபவருக்கு நேரம் ஒதுக்காத டெவலப்பர் அபூர்வம்.

இன்னும் யாரையும் தெரியாது என்றாலும் இந்தத் திட்டங்களின் இஷ்யூ பக்கங்களிலேயே (பிழைகளையும் கேள்விகளையும் பதியும் இடம்) ஆட்களைப் பார்க்கலாம். யார் பொறுமையாக விளக்குகிறார், யார் "எந்தச் சார்ஜர் மாடல், லாக் இருக்கிறதா" என்று முதலில் கேட்கிறார் என்று கவனியுங்கள். கார் செய்பவர்களும் சார்ஜர் செய்பவர்களும் ஒரே இடத்தில் கூடி, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் செருகிப் பார்க்கும் நிகழ்வுகளும் நடக்கின்றன. சார்ஜிங் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான சரின் நடத்துவதற்கு டெஸ்டிவல் என்று பெயர், ஓப்பன் சார்ஜ் அலையன்ஸ் பிளக்ஃபெஸ்ட் நடத்துகிறது. அப்படி ஒன்றுக்குப் போய்வந்தவரிடம் அங்கே என்ன உடைந்தது என்று கேளுங்கள், போட்டி நிறுவனத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திருத்த உதவிய கதையும் அநேகமாகச் சேர்ந்து வரும்.

கொஞ்சம் பழகிய பிறகு கேட்க ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: "எல்லாச் சார்ஜரும் நெறிமுறைப்படியே நடந்தால் உங்கள் கோடில் எதையெல்லாம் அழித்துவிடலாம்?" இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல் என்றால் இரண்டு விநாடி காத்திரு, இது மீட்டர் அளவைக் கிலோவாட்-மணியில் அனுப்பும் 1000-ஆல் பெருக்கு, இது நிறுத்தச் செய்தியை இரண்டு முறை அனுப்பும் ஒன்றை ஒதுக்கு, என்று வருடக்கணக்காகச் சேர்ந்த விதிவிலக்குகள் அவரிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கும். நிறுவனப் பெயர்களைச் சொல்ல வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்.